பேப்பர் அக்காவுக்கு நான்கு கிடங்கு

2017 ஜூன் 4, ஞாயிறு

விஜிதாவின் வீட்டுக்கு இன்று தரை போட்டார்கள். வீட்டுத்திட்டத்தில் எங்கள் கீரிப்புலத்தில் முதலாவதாகத் தரை கண்ட வீடு அதுதான். மற்றவர்கள் எல்லோரும் இன்னும் தகரக் கொட்டிலில் இருக்கிறோம். கபிரியேல் மேசன் எழுபது வயதிலும் முழங்காலில் நின்று மட்டப்பலகை இழுத்தார். விஜிதா வாசலில் நின்று கோழியையும் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் மாறி மாறிக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், பாருங்கோ, கண்ணாடி மாதிரி! முப்பத்திரண்டு வயசிலை முதன்முதல் என்ரை எண்டு சொல்ல ஒரு தரை" என்றாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரை விட்டுப் போனபோது அவளுக்கு ஐந்து வயது. பிறகு முகாம், வாடகை அறை, மறுபடி முகாம்.

அது சித்திர மாஸ்ரரின் வளவு. விஜிதா அவருடைய தங்கை மகள். பழைய வீடு, மதில், மரங்கள் ஒன்றும் இல்லை. கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கிணற்றுக் கட்டிலிருந்து வீட்டுப் பக்கமாகப் பதினொரு காலடி எடுத்துவைத்துப் பார்த்தேன். எட்டாவது காலடியிலேயே கபிரியேல், "ரீச்சர், ஈரத்திலை ஏறப் போறியள்!" என்று கத்தினார். திரும்பி வந்துவிட்டேன். வெயிலும் அதிகம்.

ஜூன் 7, புதன்

வாசிகசாலைக் கூட்டம். கட்டடத்துக்குக் கூரை போட்டாயிற்று. ஆவணியில் திறப்பு விழா. தலைவர் தவநாயகம், முன்னாள் தபால் அதிபர். நான் செயலாளர். கபிரியேல் பொருளாளர். தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டுப் போனபோதும் கமிற்றியில் நாங்கள் இருந்தோம். இருபத்தேழு வருடம் கழித்து இராணுவம் ஊரை விட்ட பிறகு திரும்பி வந்து பார்த்தால் உயிரோடிருப்பது நாங்கள் மூன்று பேரும்தான். ஆகவே தேர்தல் சுலபமாக முடிந்தது.

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க் குகதாசன் தொலைபேசியில் வந்தான். வாசிகசாலை முகப்புக்குத் தன் செலவில் ஒரு கலைமகள் சிலை அனுப்புகிறானாம். கண்ணாடிநாரில் செய்தது. படமும் அனுப்பியிருந்தான். வீணையில் பச்சை விளக்கு எரிகிறது.

"எங்களுக்குப் பேப்பர் அக்கா இருக்கிறா" என்றார் தவநாயகம்.

"எங்கை இருக்கிறா?" என்று கேட்டான் குகதாசன்.

நியாயமான கேள்வி. பேப்பர் அக்கா எங்கள் வாசிகசாலை வாசலில் இருபத்திரண்டு வருடம் இருந்த சிலை. கதிரையில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கும் ஒரு பெண். அறுபத்தெட்டாம் ஆண்டு, பெண்கள் வாசிகசாலைப் பக்கமே வருவதில்லை என்று சித்திர மாஸ்ரர் அருமைநாயகம் கம்பியில் கோழிவலை சுற்றிச் சீமெந்து பூசிச் செய்தார். உள்ளே ஒன்றுமில்லாத கோறை; இரண்டு பேர் தூக்கலாம். ஒரு மாதத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழு பேர் பத்திரிகை பார்க்க வரத் தொடங்கினார்கள். அதில் நான்கு பேர் சிலையைப் பார்க்க வந்தவர்கள் என்பது என் கணிப்பு.

தொண்ணூறு ஜூனில் செல் குண்டு விழத் தொடங்கியதும் ஊரே நகையையும் காணி உறுதியையும் நிலத்தில் குழி வெட்டித் தாட்டது. நாங்கள் கமிற்றியாகக் கூடி அக்காவைக் கித்தான் படங்கில் சுற்றி, வாசிகசாலைக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டோம். "இனி இதை எவரும் தொடக்கூடாது" என்று ஒரு தீர்மானமும் நிறைவேற்றினோம். முன்மொழிந்தது நான்.

ஜூலை பதினைந்துக்குள் அக்கா கிடைக்காவிட்டால் கலைமகளுக்கு முற்பணம் கட்டிவிடுவதாகக் குகதாசன் சொல்லிவிட்டான். ஞாயிறு தோண்டுகிறோம்.

ஜூன் 11, ஞாயிறு

வாசிகசாலைக்குப் பின்னால் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் வரை தோண்டினார்கள். பன்னிரண்டு பேர். மூன்று தரம் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பனங்கட்டி போதவில்லை.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு சோடாப் போத்தலும் ஆட்டு எலும்பும் வந்தன. அக்கா இல்லை.

"கள்ளர் கொண்டு போட்டாங்கள்" என்றார் தவநாயகம். காது மந்தம் என்பதால் அவர் எதையும் உரத்துத்தான் சொல்வார். றோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள்.

"பேப்பர் வாசிக்கிற பொம்பிளையைக் கள்ளன் என்னத்துக்குக் கொண்டு போறான், போஸ்ற்மாஸ்ரர்?" என்று கேட்டார் கபிரியேல். ஆனால் அவர் முகத்தில் பகிடி இல்லை.

நான் கோப்பைகளைக் கழுவினேன்.

ஜூன் 12, திங்கள்

முதுகு பிடித்திருக்கிறது. தோண்டாதவளுக்கு ஏன் முதுகு பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஜூன் 17, சனி

கபிரியேல் வந்து அரை மணித்தியாலம் வெயிலைப் பற்றியும் சீமெந்தைப் பற்றியும் கதைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"ரீச்சர், கோவிக்கக்கூடாது. தாட்ட அடுத்த நாள் நான் அவவைக் கிளப்பிப்போட்டன்."

"தீர்மானம் இருந்ததே, கபிரியேல்!"

"இருந்தது. நான்தான் வழிமொழிஞ்சனான். ஆனா ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. வாசிகசாலைக்குப் பின்னாலை எண்டு ஊருக்கே தெரியும். தாட்டேக்கை எத்தினை பேர் பாத்துக்கொண்டு நிண்டவை. அதுதான் மச்சானோடை சேந்து என்ரை சுண்ணாம்புக் கிடங்குக்குள்ளை தாட்டுப்போட்டன்."

"அப்போ போன ஞாயிறு பன்னிரண்டு பேரும் சும்மா தோண்டினார்கள்?"

"நானும்தானே தோண்டினனான்" என்றார், அதுவே ஒரு பிராயச்சித்தம் போல.

இருபத்தேழு வருடமாக இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "உண்மையை முதலிலேயே சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்" என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். தவறான கணக்கைக் கீறிக் கீறி நீட்டாமல் முதல் வரியில் அழித்துவிடும் பிள்ளைதான் நேரத்துக்கு விடைத்தாள் கொடுக்கும் என்று உதாரணமும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

உதாரணம் நல்லது. சொன்ன ஆள்தான் சரியில்லை.

ஜூன் 18, ஞாயிறு

கபிரியேலின் வளவில் தோண்டல். முழங்கால் வரை சுண்ணாம்பு. தோண்டியவர்கள் எல்லோரும் திருநீறு பூசின மாதிரி நின்றார்கள். படங்கைக் கட்டின நைலோன் கயிற்றில் ஒரு துண்டு கிடைத்தது. அக்கா இல்லை.

கபிரியேல் கிடங்கின் விளிம்பில் குந்திவிட்டார். "சத்தியமா இதுக்குள்ளைதான் வைச்சனான்!"

தவநாயகம் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அது ஒரு செய்தி. கபிரியேலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போஸ்ற்மாஸ்ரர், என்னட்டை என்னவும் சொல்ல இருக்கோ?"

"என்ன?"

"சொல்ல இருக்கோ எண்டனான்!"

"அடுத்த கிழமை சொல்லுறன்" என்றார் தவநாயகம்.

ஜூன் 25, ஞாயிறு

சொன்னார், எழுந்து நின்று, கூட்ட முறைப்படி. தொண்ணூறு ஜூன் பதின்மூன்றாம் திகதி தபால் கொடுக்கப் போனவர் கபிரியேலின் சுண்ணாம்புக் கிடங்கில் புது மண்ணைக் கண்டாராம். அக்காவை மாற்றிவிட்டார்கள் என்று உடனே விளங்கிவிட்டதாம். சுண்ணாம்பு கம்பியைத் தின்றுவிடும் என்ற பயத்தில், தபால்காரரோடு சேர்ந்து தூக்கித் தபாலகத்துக்குப் பின்னால் மதிலோரம் தாட்டாராம்.

"சுண்ணாம்பு கம்பியைத் தின்னாது, போஸ்ற்மாஸ்ரர்! எத்தினை வருசம் நான் மேசன் வேலை செய்யிறன்! எந்த மடையன் சொன்னவன்?"

"நானே யோசிச்சனான்" என்றார் தவநாயகம்.

எல்லோரும் சிரித்தோம். நானும்.

தபாலகத்தின் மதிலோரம் தோண்டினார்கள். அங்கேயும் இல்லை. இப்போது சிரிக்க ஒருவரும் இல்லை. "போச்சு" என்று கபிரியேல் மண்வெட்டியைச் சாத்தினார். "பச்சை விளக்குக்காரிதான் வரப்போறா."

தவநாயகம் அந்த வெறுங்கிடங்கை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரைக் கையில் பிடித்துத்தான் கூட்டிவந்தேன். "நான் கிளப்பாமல் விட்டிருந்தா சுண்ணாம்புக்குள்ளையாவது இருந்திருப்பா, என்ன ரீச்சர்?" என்று வழியெல்லாம் கேட்டார். அவருக்குக் கேட்காத குரலில் ஏதோ பதில் சொன்னேன்.

ஜூன் 26, திங்கள்

தலையிடி. எழுதவில்லை.

ஜூன் 29, வியாழன்

நாட்குறிப்பிலும் பொய் எழுதினால் பிறகு எங்கே போய் உண்மை எழுதுவது? எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறு ஜூன் பதினான்காம் திகதி காலை தவநாயகம் என் கையில் ஒரு கடிதம் தந்தார். உறையில் செம்மண் பெருவிரல் அடையாளம். தபாலகத்தில் செம்மண்ணுக்கு என்ன வேலை? மதிலோரம் போய்ப் பார்த்தேன், விளங்கிவிட்டது. அரசாங்கக் கட்டடத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒன்றைப் பாதுகாக்க வைப்பார்களா? முதல் செல் அங்கேதானே விழும்? கூட்டுறவுச் சங்கக் கடையின் கைவண்டிலை எடுத்துக்கொண்டு, மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அவவைக் கிளப்பி, சரிவாக வைத்த பலகையில் கயிற்றால் இழுத்துத் தனியே வண்டிலில் ஏற்றினேன்.

வகுப்பில் இப்படி நடக்கும். முதல் பிள்ளை சரியான விடையை எழுதும். அடுத்த பிள்ளை அதை இன்னும் சரியாக்கும். அதற்கடுத்த பிள்ளை அதையும் திருத்தும். கடைசியில் விடை பிழைத்துப்போகும். எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

நான் கொண்டுபோனது சித்திர மாஸ்ரரின் வளவுக்கு. செய்தவர் கையில் கொடுப்பதுதானே முறை. அவருக்கு ஒரு கால் சிறு வயதிலேயே சூம்பியது. ஆனாலும் கிடங்கை அவர்தான் வெட்டினார். கிணற்றுக் கட்டிலிருந்து பதினொரு காலடி, நான்தான் அளந்தேன். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அடுத்த நாள் விடியவே ஊரே புறப்பட்டது. போகும் வழியில் மாஸ்ரரையும் கூப்பிட்டேன். "நீங்கள் நடவுங்கோ, ரீச்சர். நான் கதவைப் பூட்டிப்போட்டு வாறன்" என்றார்.

அவர் வரவில்லை. அன்று பின்னேரம் அந்தப் பக்கம் செல் விழுந்தது என்றார்கள். முதல் நாளே புறப்படுவதாக இருந்தவர். என் கைவண்டிலால்தான் நின்றார். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பதினொரு காலடி இப்போது விஜிதாவின் முன் அறை.

ஜூலை 2, ஞாயிறு

விஜிதாவிடம் சொன்னேன். அவள் தையல் மெசினில் இருந்தாள். காலை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ரை வீட்டுக்குக் கீழையோ?"

"முன் அறைக்குக் கீழே, பிள்ளை. நடுவிலிருந்து கொஞ்சம் கிணற்றுப் பக்கமாக."

"தரை போடேக்கை நீங்கள் கிணத்தடியிலை நிண்டனீங்கள் ரீச்சர்!"

"ஓம்."

"அண்டைக்குச் சொல்லியிருந்தா மண்ணாத்தானே கிடந்தது!"

"ஓம், பிள்ளை."

அவள் தரையைப் பார்த்தாள். துடைத்துத் துடைத்து அது கறுப்பாக மின்னத் தொடங்கியிருந்தது. "நான் உடைக்க விடமாட்டன், ரீச்சர். இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு கிடைச்ச தரை. நீங்கள் என்னைக் கோவிச்சாலும் சரி."

கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தேத்தண்ணீர் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 5, புதன்

கூட்டம். எழுந்து சொன்னேன்: "கடைசியாகக் கிளப்பினது நான். எங்கே என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் ஒருவர் குடியிருக்கிறார். அந்த வீட்டைத் தொடுவதற்கு நான் விடமாட்டேன். கலைமகள் வரட்டும்."

கபிரியேல் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

"ரீச்சர் என்ன சொன்னவ?" என்று கேட்டார் தவநாயகம்.

கபிரியேல் அவர் காதுக்குள் கத்தினார்: "ரீச்சரும் கள்ளி எண்டு சொல்லுறா!"

"மூண்டு கிடங்குக்கும் தேத்தண்ணி ஊத்தினவவோ?"

"அந்த ரீச்சர்தான்!"

தவநாயகம் சிரிக்கத் தொடங்கினார். பல்லுச்செட் கழன்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. கபிரியேல் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "எனக்குத் தீர்மானத்தைப் பற்றிப் படிப்பிச்சியளே, ரீச்சர்! அந்தக் கீறிக் கீறிக் கணக்குச் செய்யிற பிள்ளை ஆர்? நீங்கள்தானோ?"

இவ்வளவு காலம் பயந்தது இதற்காகத்தானா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு கபிரியேல் தயங்கி நின்றார். தரை போட்டவர் அவர்தானே. எந்த வீடு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்தார்.

ஜூலை 7, வெள்ளி

காலையில் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தேன். விஜிதா வந்தாள். கையில் தரை இடிக்கிற இரும்பு அலவாங்கு.

"பிள்ளை, என்ன இது?"

"என்னாலை ஏலாது, ரீச்சர். நீங்கள் சொல்லிப்போட்டுப் போன நாள் தொடக்கம் என்ரை ரெண்டும் தரையிலை காதை வைச்சுக்கொண்டு கிடக்குதுகள். சின்னவள் சொல்லுறாள், பேப்பர் திருப்பிற சத்தம் கேக்குதாம். நடந்தா, 'அம்மா, மெதுவா, அக்கா தலையை மிதிக்கிறீங்கள்' எண்டு கத்துறாள். நேற்று நான் அந்த இடத்தைச் சுத்திக்கொண்டு குசினிக்குப் போறன்! என்ரை வீட்டுக்குள்ளை நான் சுத்திப் போறன்!"

"உன் தரை..."

"என்ரை தரையிலை நான் நேரா நடக்கவேணும், ரீச்சர். அதுக்குத்தான் உடைக்கச் சொல்லுறன். ஆனா கபிரியேலப்பா திருப்பி அதே மாதிரிப் பூசித் தரவேணும். கோடு தெரியக்கூடாது."

கபிரியேலிடம் சொன்னோம். "கோடு தெரிஞ்சா என்ரை பேரை மாத்துங்கோ" என்றார்.

ஜூலை 9, ஞாயிறு

விஜிதாதான் முதல் அடி அடித்தாள். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அடித்தாள். பிறகு கபிரியேலும் நான்கு பேரும் பிடித்துக்கொண்டார்கள். கதவளவுக்குத் தரையை எடுத்தார்கள். செம்மண் மிருதுவாக வந்தது. முழங்கால் ஆழம். தொடை ஆழம். நாங்கள் தாட்டது இடுப்பளவு. இடுப்பளவு வந்தது.

ஒன்றும் இல்லை.

அலவாங்கை நான்கு மூலையிலும் குத்திப் பார்த்தார்கள். மண்தான். பெரியவள் தாயின் கையைப் பிடித்தாள். விஜிதா உடைந்த சீமெந்துத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கிணற்றுக் கட்டிலிருந்து மறுபடி மனதால் எண்ணினேன். பதினொன்று சரிதான். பிழைக்க இடமில்லை. இந்தப் பிள்ளையின் தரையை ஒரு வெறுங்கிடங்குக்காக உடைத்துவிட்டேன்.

கபிரியேல் கிடங்குக்குள் நின்றபடி முகத்தைத் துடைத்தார். "ரீச்சர், நீங்கள் போன பிறகு மாஸ்ரர் இஞ்சை நிண்டவரோ?"

"கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றார். வரவில்லை. அவ்வளவுதான் தெரியும்."

"அவரும் கமிற்றிதானே?"

"ஓம்."

"அப்ப அவரும் கிளப்பியிருப்பார்" என்றார் கபிரியேல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஆனா அந்தக் காலோடை தனிய எங்கை கொண்டு போறது? தூரத்துக்கு ஏலாது. பக்கத்துக்கும் ஏலாது." காலடி மண்ணைப் பார்த்தார். "கீழைதான் ஏலும்."

அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கி நேராக இறக்கினார். ஒரு முழம் போனது. இன்னும் அரை முழம். பிறகு 'ணங்' என்றது.

முருகைக்கல். பெரிய தட்டையான கல், பழைய மதிலின் மூடுகல். அதைக் கிளப்பினால் கீழே ஒரு சிறிய அறை. நாலு பக்கமும் கல் அடுக்கி, சாந்து பூசி, உள்ளே வெள்ளையும் அடித்த அறை. அதற்குள் பேப்பர் அக்கா. நானும் மாஸ்ரரும் படுக்கவைத்துத்தான் தாட்டோம். இப்போது கதிரையில் நிமிர்ந்து இருக்கிறா. படங்கைப் பிரித்தார்கள். பத்திரிகையின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. வேறு ஒரு கீறல் இல்லை.

சின்னவள் கிடங்கை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திரும்பவும் கிடங்கைப் பார்த்தாள். "அம்மா, இது ரீச்சரம்மா!" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அசையாமல் இருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால் மாஸ்ரர் நாலு சனிக்கிழமை என்னைக் கதிரையில் இருத்திவைத்தார். அவ்வளவுதான் விசயம். மூக்கும் என்னுடையது இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். விஜிதாவும் சிரித்தாள், சீமெந்துத் துண்டைக் கீழே போட்டுவிட்டு. தவநாயகம் மட்டும், "இது தெரியாதோ உங்களுக்கு? அறுபத்தெட்டிலேயே தபாலகத்திலை எல்லாருக்கும் தெரியும்" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

அக்காவை மேலே தூக்கிய பிறகும் கபிரியேல் வெளியே வரவில்லை. சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கிடங்கின் ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தார்.

"மேசன் இல்லாத மனுசன் செய்த வேலை, ரீச்சர். ஆனா நல்ல வேலை. மதிலைக் கழட்டி, கல்லைத் தனியச் சுமந்து, அடுக்கி, பூசி, காய விட்டு, சரிவு வெட்டி அவவை மெல்ல இறக்கி, பிறகுதான் மூடியிருக்கிறார். பாருங்கோ, ரெண்டாந்தரமும் வெள்ளை அடிச்சிருக்கிறார்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"நேரமோ? நாள் எண்டு கேளுங்கோ. அந்தக் காலோடை அஞ்சு நாளுக்குக் குறையாது."

"கபிரியேல், நிச்சயமாகத்தானே?"

"சாந்து பொய் சொல்லாது, ரீச்சர்."

குகதாசனுக்குத் தவநாயகம் தொலைபேசியில் சொன்னார். தொலைபேசி இல்லாமலே கனடாவுக்குக் கேட்டிருக்கும்.

ஜூலை 10, திங்கள்

கபிரியேல் காலையில் தரையைப் பூசி முடித்தார். கோடு தெரிகிறது. ஆனால் விஜிதா தெரியவில்லை என்கிறாள். மூன்று நாளைக்கு எவரும் மிதிக்கக்கூடாது என்று குறுக்கே கயிறு கட்டியிருக்கிறாள். வாசிகசாலைக்குக் கதவு போடும்வரை பேப்பர் அக்கா என் கொட்டிலில். ஆடு முதலில் பயந்தது, இப்போது முதுகைத் தேய்க்கிறது.

ஊர் புறப்பட்ட தொண்ணூறு ஜூன் பதினைந்திலிருந்து ஐந்து நாள் என்றால் இருபது வரை. செல் விழுந்த பின்னேரத்தைத் தாண்டி, அதற்கடுத்த நாளையும் தாண்டி. ஆக, என் கிடங்குக்காக நின்றவர் இல்லை அவர். அந்தக் கிடங்கு அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் நின்றிருக்கிறார். ஊரில் ஒரு சனமும் இல்லாத ஐந்து நாளில், ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் இரண்டாந்தரம் வெள்ளை அடித்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தாரோ என்றுதான் இன்று முழுக்க யோசித்தேன். சங்கக் கடை பூட்டு. அடுப்பு மூட்டினால் புகை தெரியும். பிறகுதான் ஞாபகம் வந்தது, அது ஆனி மாதம். அந்த ஒழுங்கையில் வளவுக்கு வளவு கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுத்து, பறிக்க ஆளில்லாமல் விழுந்துகொண்டிருந்திருக்கும். அணில்களும் அவருமாகத் தின்றிருப்பார்கள். கையெல்லாம் சாறு வடிய, முழங்கை வரை நக்கிக்கொண்டு. அவர் மாம்பழம் சாப்பிடுகிற முறையே அப்படித்தான். எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.